சிற்றினத்தின் எல்லை மங்கலாக இருப்பது பரிணாமத்துக்குப் பலவீனமா?

கேள்வி இதுதான்: "ஒரு சிற்றினம் இன்னொரு சிற்றினமாக மாறியதை யாரும் பார்த்ததில்லை. சிற்றினம் என்றால் என்ன என்பதிலேயே உயிரியலாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அப்படியிருக்க, சிற்றினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து வந்தன என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?"

எல்லா உயிர்களையும் கடவுள் தனித்தனியே படைத்தார் என்ற படைப்புவாதத்தை நம்புகிறவர்கள் மட்டும் இதைக் கேட்பதில்லை. உயிரியலில் பட்டம் வாங்கியவர்களும் கேட்கிறார்கள். மதிப்பான கேள்விதான், அதனால் விரிவாகவே பதில் சொல்கிறேன். இதில் இரண்டு கூற்றுகள் சேர்ந்திருக்கின்றன. யாரும் பார்த்ததில்லை என்பது தவறு. வரையறையில் ஒற்றுமை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை எந்தக் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உயிரினங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே படைக்கப்பட்டிருந்தால், அவற்றுக்கு இடையிலான கோடு துல்லியமாக இருந்திருக்கும். வரையறுப்பதில் யாருக்கும் சிரமம் வந்திருக்காது. பொது மூதாதையிடமிருந்து மெல்ல மெல்லப் பிரிந்திருந்தால், பிரிந்து முடிந்தவற்றுக்கு நடுவே கோடு தெளிவாகவும், பிரிந்துகொண்டிருப்பவற்றுக்கு நடுவே குழப்பமாகவும் இருக்கும். காட்டிலும் வயலிலும் நாம் காண்பது இரண்டாவது நிலைமையைத்தான்.

இந்தச் சிக்கலை முதலில் அனுபவித்தவர் பரிணாமவாதி அல்லர். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநிறுத்தியவர், கடவுள் நம்பிக்கை மிகுந்தவர். ஆதியில் எத்தனை வடிவங்கள் படைக்கப்பட்டனவோ அத்தனை சிற்றினங்கள் என்பதே அவருடைய கணக்கு. 1742-இல் ஒரு மாணவர் ஸ்டாக்ஹோம் அருகே உள்ள தீவு ஒன்றில் பறித்த செடி அவர் மேசைக்கு வந்தது. தண்டும் இலையும் லினேரியா என்ற சாதாரண மஞ்சள் பூச்செடியுடையவை. ஆனால் லினேரியாவின் பூ உதடு பிளந்தது போல இருபக்கச் சமச்சீராக, அடியில் ஒரே ஒரு வால் நீண்டிருக்கும். வந்த செடியின் பூவிலோ சுற்றிலும் ஐந்து வால்கள். யாரோ வேறு பூவை ஒட்டி விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஒரு பசு ஓநாய்த் தலையோடு கன்று ஈன்றால் எவ்வளவு வியப்போ அவ்வளவு வியப்பு இது என்று பிறகு எழுதினார். அந்தச் செடி புதிய சிற்றினம் அல்ல. ஒரு மரபணுவின் மேல் வேதிக்குறி ஏறி, அது வேலை செய்யாமல் போனதன் விளைவு அது என்று 1999-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் லின்னேயஸின் மனதில் விழுந்த விரிசல் மூடவில்லை. புதிய சிற்றினங்கள் உண்டாவதில்லை என்ற வாக்கியத்தைத் தம் நூலின் பிற்காலப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார். ஆதியில் படைக்கப்பட்டவை பேரினங்களாக, அதாவது நெருங்கிய சிற்றினங்களை அடக்கிய தொகுப்புகளாக, இருக்கலாம், சிற்றினங்கள் பின்னால் கலப்பில் பிறந்திருக்கலாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். படைப்பின் எல்லைக்கோடு ஒரு படி மேலே நகர்ந்தது. இந்த நகர்வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டார்வினுக்கு வந்த தலைவலி வேறு. 1846-இலிருந்து எட்டு ஆண்டுகள் அவர் கொட்டலசுகளை, அதாவது படகு அடியிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிர்களை, அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எது தனிச் சிற்றினம், எது அதன் வகை மட்டும் என்று முடிவெடுக்கத் திணறினார். ஒருநாள் பிரித்ததை மறுநாள் சேர்ப்பார், மறுபடி பிரிப்பார். தாவரவியலாளர் ஹூக்கருக்கு 1856-இல் எழுதிய கடிதத்தில், வரையறுக்க முடியாததை வரையறுக்கப் பார்ப்பதால்தான் இத்தனை தகராறு என்று சொன்னார். இருந்த தகவல் போதாமல் வந்த தகராறு அல்ல அது. தகவல் கூடக் கூட இடைநிலைகளும் கூடின.

இன்று பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் வரையறை எர்ன்ஸ்ட் மயர் என்ற உயிரியலாளர் 1942-இல் கொடுத்தது: தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து, மற்றக் கூட்டங்களிலிருந்து இனப்பெருக்கத்தில் விலகி நிற்கும் இயற்கைக் கூட்டம் ஒரு சிற்றினம். நல்ல வரையறை, நடைமுறையில் மிகவும் பயன்படுகிறது. ஆனால் பாலினமே இல்லாமல் பெருகும் உயிர்களுக்கு இது பொருந்தாது. புதைபடிவங்களுக்குள் எது எதோடு இணைசேர்ந்தது என்று கேட்கவும் முடியாது. அதனால் வடிவத்தை வைத்து, வாழிடத்தை வைத்து, மரபுவழிக் கிளையை வைத்து என்று இருபதுக்கும் மேற்பட்ட வரையறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பிரிவு என்பது ஒரே நொடியில் நடக்கும் சம்பவம் அல்ல. முதலில் பாட்டு மாறலாம், பிறகு நிறம், பிறகு இணைசேர மறுப்பு, கடைசியில் கலந்தாலும் குஞ்சு மலடாவது. இந்த வரிசையும் எல்லா உயிர்களிலும் ஒன்றல்ல. ஒவ்வொரு வரையறையும் இந்தப் பாதையில் வேறுவேறு இடத்தில் கோடு கிழிக்கிறது.

இதை நேரில் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் பச்சைக் கதிர்குருவி. எடை பத்து கிராம்கூட இருக்காது. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு வரும், கோடைக்கு முன் வடக்கே திரும்பிவிடும். இலைகளுக்குள் மறைந்து புழு பொறுக்கிக்கொண்டு, "ட்சி-லி" என்று இரண்டு அசையில் கூப்பிடும். குரலைக் கேட்டுத்தான் பெரும்பாலும் இருப்பதைக் கண்டுகொள்வோம். இது குஞ்சு பொரிக்கும் இடங்கள் திபெத் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கின்றன. பீடபூமியில் மரம் கிடையாது, அதனால் அதைக் குறுக்கே கடந்து வாழ முடியாது. இமயமலையின் தெற்குச் சரிவிலிருந்து ஒரு கிளை மேற்காகச் சுற்றி, காஷ்மீர், மத்திய ஆசியா வழியே சைபீரியா போகிறது. இன்னொரு கிளை கிழக்காகச் சுற்றி, சீனா வழியே அதே சைபீரியாவுக்குப் போகிறது.

இமயமலையில் இதன் பாட்டு குட்டையானது, எளிமையானது. மேற்குக் கிளையில் வடக்கே போகப் போகப் பாட்டு நீள்கிறது, சிக்கலாகிறது. கிழக்குக் கிளையிலும் அப்படியே, ஆனால் வேறொரு விதமாக. அடுத்தடுத்த ஊர்ப் பறவைகளின் பாட்டில் வித்தியாசம் சிறியது. டேரன் இர்வின் என்ற ஆய்வாளர் இந்த வளையம் நெடுகப் பாட்டுகளைப் பதிவுசெய்து, ஒலிபெருக்கியில் போட்டுக்காட்டி ஆண் பறவைகள் என்ன செய்கின்றன என்று பார்த்தார். தன் இனத்து ஆண் தன் எல்லைக்குள் பாடினால் கதிர்குருவி சும்மா இருக்காது, பாய்ந்து வரும். மத்திய சைபீரியாவில் மேற்குக் கிளையின் பறவையும் கிழக்குக் கிளையின் பறவையும் ஒரே காட்டில் வாழ்கின்றன. அங்கே ஒன்றின் பாட்டை மற்றது பொருட்படுத்தவில்லை. மேற்குக்காரருக்கு இறக்கையில் ஒரு வெள்ளைக் கோடு, கிழக்குக்காரருக்கு இரண்டு. சைபீரியாவில் மட்டும் நின்று பார்ப்பவருக்கு இவை இரண்டு சிற்றினங்கள். வளையத்தைத் தெற்கே சுற்றி நடந்து வருபவருக்கோ, எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று காட்ட முடியாது. பறவைப் பட்டியல் தயாரிப்பவர்களும் சிலர் இரண்டாகப் பிரித்தார்கள், சிலர் ஒன்றாகவே வைத்தார்கள்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014-இல் மரபணுத் தொகுப்பு முழுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த வளையம் எல்லாக் காலத்திலும் முறியாமல் இருந்ததில்லை என்று தெரிந்தது. சில இடங்களில் கூட்டங்கள் கொஞ்ச காலம் பிரிந்திருந்து மறுபடி தொட்டுக்கொண்டிருக்கின்றன. வட துருவத்தைச் சுற்றி வாழும் கடற்காகங்களை இதைவிடப் புகழ்பெற்ற வளைய உதாரணமாகப் பல காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அது அப்படியே சரியில்லை என்று 2004-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. படைப்புவாதக் கட்டுரைகள் இந்தத் திருத்தங்களை எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, உதாரணம் விழுந்துவிட்டது" என்கின்றன. விழுந்தது அழகான முழுவட்டம் மட்டும்தான். பிரிவு படிப்படியாக நடக்கிறது, இடையிடையே கலப்பும் நடக்கிறது என்பதை அதே மரபணுத் தகவல் இன்னும் உறுதியாக்கியிருக்கிறது.

நம் மலைகளிலேயே இதன் அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம். நீலகிரி, பழனி, அதற்கும் தெற்கே அகத்தியமலையை உள்ளடக்கிய அசம்பு மலைகள் ஆகியவற்றின் உச்சியில், ஏறக்குறைய 1,400 மீட்டருக்கு மேலே, சோலைக்காடுகள் இருக்கின்றன. அவற்றின் தரையில் இருட்டோடு இருட்டாகத் துள்ளித் திரியும் ஒரு நீலநிறச் சின்னக் குருவி உண்டு. இப்போது இதன் பேரினத்துக்கு ஷோலிக்கோலா என்று பெயர். நீலகிரியில் இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு, பழனியில் இருப்பதற்கு வயிறு வெள்ளை. இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். சோலையை விட்டு வெயில் காயும் சமவெளியில் இறங்காத பறவைக்கு அது கடல் மாதிரி. பல காலம் இவற்றை ஒரே சிற்றினத்தின் இரண்டு துணை இனங்கள் என்றுதான் வைத்திருந்தார்கள். எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்பதிலும் குழப்பம், மூன்று நான்கு தடவை இடம் மாற்றினார்கள். 2017-இல் வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் மரபணு, பாட்டு, உடல் அளவு மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இவை தனிப் பேரினம் என்றும், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அசம்பு மலையில் இருப்பது மூன்றாவது சிற்றினம் என்றும் அறிவித்தார்கள். அதே மலைகளில் வாழும் சிரிப்பான் கூட்டமும் இதே கணவாய்களில்தான் பிரிந்திருந்தது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத இரண்டு பறவைக் குடும்பங்கள் அதே பள்ளத்தாக்குகளில் வெட்டுப்பட்டிருக்கின்றன. தனித்தனிப் படைப்பு என்று சொல்பவர் இந்த வரைபடத்துக்கு என்ன காரணம் சொல்வார்? பிரிவுக்குக் காரணம் நிலம் என்றால் விளக்கம் உடனே கிடைக்கிறது.

சரி, யாரும் பார்த்ததில்லை என்ற முதல் கூற்றுக்கு வருகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் புல்மன் என்ற ஊர் இருக்கிறது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த டிராகோபோகான் செடிகளில் மூன்று சிற்றினங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து அந்தப் பகுதிக்கு வந்து, சாலையோரக் களையாகப் பரவின. மூன்றுக்கும் 12 குரோமோசோம்கள். அவை கலந்து பிறந்த செடிகள் மலடு, ஏனென்றால் ஆறு ஒரு தாயுடையது, ஆறு வேறொரு தந்தையுடையது, ஜோடி சேர வழியில்லை. 1949-இல் மரியன் ஓன்பி என்ற தாவரவியலாளர் அங்கே தாராளமாக விதை பிடிக்கும் கலப்புச் செடிகளைக் கண்டார். எண்ணிப் பார்த்தால் 24 குரோமோசோம்கள். தொகுதி முழுவதும் இரட்டித்திருந்தது, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. தாய்ச் சிற்றினத்தோடு மறுபடி கலந்தால் 18 வரும், அது பெரும்பாலும் மலடு. தமக்குள் வளமாகப் பெருகுகின்றன, பெற்றோரிடமிருந்து விலகி நிற்கின்றன. மயர் கேட்ட நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறிவிட்டன. இப்படி இரண்டு புதிய சிற்றினங்களுக்கு 1950-இல் பெயர் வைத்தார். 1900-க்கு முன் அவை உலகத்தில் இருந்ததற்கு அடையாளமே கிடையாது. அதன் பிறகு அவை வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாகப் பலமுறை உருவானதும் தெரியவந்தது. ஆய்வகத்திலும் செயற்கையாக உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

"இருந்தாலும் அது செடிதானே, செடியாகத்தானே இருக்கிறது?" என்று அடுத்த கேள்வி வரும். விலங்கு வேண்டும் என்றால் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற சின்னத் தீவுக்குப் போகலாம். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973-இலிருந்து அங்கே பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டிக் கணக்கு வைத்தவர்கள். 1981-இல் வழக்கத்துக்கு மாறான பெரிய உருவமும் வேறு பாட்டும் கொண்ட, ஃபிஞ்ச் என்ற சிறு பறவை வகையைச் சேர்ந்த ஓர் ஆண் வந்து சேர்ந்தது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பனோலா தீவுக்காரர் அது என்று பிற்பாடு மரபணு சொன்னது. உள்ளூர்ப் பெண்ணோடு ஜோடி சேர்ந்தது. மகன்கள் அப்பனின் பாட்டையே கற்றுக்கொள்வார்கள். அந்தப் பாட்டும் அலகின் அளவும் உள்ளூர்ப் பெண்களுக்கு ஒத்துவரவில்லை. சில தலைமுறைக்குள் அந்த வம்சம் தனக்குள் மட்டுமே இணைசேரத் தொடங்கிவிட்டது. நடுவில் ஒரு கடும் வறட்சியில் ஓர் அண்ணனும் தங்கையும் மட்டும் மிஞ்சி, அவற்றிடமிருந்து வம்சம் மறுபடி தழைத்தது. இதை முழுதாகத் தனிச் சிற்றினம் என்று அறிவித்துப் பெயர் வைக்கவில்லை. நிலைக்குமா, மறுபடி கலந்து கரைந்துவிடுமா என்பதைக் காலம்தான் சொல்ல முடியும். அந்தத் தயக்கம் நேர்மையானது. ஒரு பிரிவின் முதல் அத்தியாயத்தைப் பறவை பறவையாக எண்ணிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை.

படைப்புவாதத்தின் தரப்பில் இதற்கெல்லாம் என்ன பதில்? பைபிளில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், உயிர்கள் "ஜாதிஜாதியாக" உண்டாயின என்று வருகிறது. சிற்றினங்கள் கண்முன்னே பிரிவதை மறுக்க முடியாமல் போன பிறகு, கடவுள் படைத்தது சிற்றினத்தை அல்ல, அதைவிடப் பெரிய இந்த "ஜாதி"யைத்தான் என்று வாதம் மாறியது. ஃபிராங்க் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1941-இல் எபிரேயச் சொற்களைச் சேர்த்து இதற்குப் பாராமின் என்று பெயரும் வைத்தார். பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்னும் இளம்பூமிக் கொள்கையினர் இன்று இதைப் பெரும்பாலும் குடும்பம் என்ற, பல பேரினங்களை அடக்கிய மட்டத்தில் வைக்கிறார்கள். நோவாவின் பேழையில் ஏறியவை ஏறக்குறைய 1,400 ஜாதிகள், ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான விலங்குகள் என்பது அவர்களுடைய கணக்கு. லின்னேயஸ் கோட்டைப் பேரினத்துக்கு நகர்த்தினார். இவர்கள் குடும்பத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள்.

இதன் விளைவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கம், புலி, சிவிங்கிப்புலி, வீட்டுப்பூனை எல்லாம் பேழையிலிருந்து இறங்கிய ஒரே ஜோடியின் வாரிசுகள். பெருவெள்ளம் சுமார் 4,350 ஆண்டுகளுக்கு முன் வந்தது என்கிறார்கள். எகிப்தில் பெனி ஹசன் கல்லறைச் சுவரில் எலிக்கு எதிரே பூனை நிற்கும் ஓவியத்துக்கு வயது ஏறக்குறைய 4,000 ஆண்டு. அது இன்றைய பூனையேதான். அதே எகிப்தியர்கள் சிங்கத்தைச் சிங்கமாகவே வரைந்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு ஜோடியிலிருந்து சிங்கமும் பூனையும் சில நூறு ஆண்டுகளுக்குள் பிரிந்திருக்க வேண்டும். எந்தப் பரிணாம உயிரியலாளரும் இத்தனை வேகத்தைக் கேட்டதில்லை. பரிணாமத்தை மறுக்கப் புறப்பட்ட கொள்கை, பரிணாமம் சொல்வதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமான பரிணாமத்தை நம்பும்படி ஆகிவிடுகிறது.

இந்த "ஜாதி"க்கு வரையறை உண்டா என்றால், அங்கேயும் அதே மங்கல்தான். மனிதனுக்கும் குரங்குக்கும் நடுவே கடக்க முடியாத இடைவெளி இருக்கிறது என்பது அவர்களுடைய அடிப்படை நிலைப்பாடு. அப்படியானால் ஒரு மண்டையோட்டைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் என்று உடனே சொல்ல முடிய வேண்டும். கென்யாவில் 1972-இல் கிடைத்த, மூளைக் கொள்ளளவு சுமார் 750 கன சென்டிமீட்டர் உள்ள 1470 என்ற எண்ணுடைய மண்டையோட்டைச் சில படைப்புவாத எழுத்தாளர்கள் மனிதன் என்றார்கள், சிலர் குரங்கு என்றார்கள். ஜாவா மனிதன், பீக்கிங் மனிதன் புதைபடிவங்களுக்கும் இதே கதிதான். ஒரே எலும்பை ஒரே நம்பிக்கை உள்ளவர்கள் இரண்டு பக்கமும் போட முடிகிறது என்றால், அந்த எலும்பு நடுவில் இருக்கிறது என்றுதானே பொருள்?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது. அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலம் 1981-இல் பள்ளிகளில் பரிணாமத்துக்குச் சமமாகப் "படைப்பு அறிவியலையும்" நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. ஆதியில் படைக்கப்பட்ட வகைகளின் நிலையான எல்லைக்குள் மட்டுமே மாற்றம் நடக்கும் என்பது அந்தச் சட்டம் சொன்ன கூறுகளில் ஒன்று. எல்லை எங்கே, மாற்றத்தை அங்கே தடுத்து நிறுத்துவது எது என்பதற்கு அறிவியல் விளக்கமே இல்லை என்று நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் 1982 ஜனவரியில் தீர்ப்பெழுதி, சட்டத்தைச் செல்லாது என்றார். வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் வில்லியம் மெக்லீன், மெதடிஸ்ட் போதகர். கத்தோலிக்க, ஆங்கிலிக்க மரபுகளைச் சேர்ந்த ஆயர்களும் அவரோடு நின்றார்கள். கடவுளை நம்புகிறவர் பரிணாமத்தை ஏற்கக் கூடாது என்று எண்ணிக் கேள்வி கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிராகோபோகானின் குரோமோசோம்களை எண்ணுவதற்கு யாரும் தங்கள் நம்பிக்கையைக் கைவிடத் தேவையில்லை.

நம் நாட்டில் இந்த விவாதம் வேறு வேடத்தில் வருகிறது. குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை என்று 2018-இல் மத்திய இணை அமைச்சர் ஒருவர் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023-இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டபோது, 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றும், பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்றும் அதை எடுத்தவர்கள் சொன்னார்கள். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இது ஆறவில்லை. மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். சேர நாட்டில் ஒரு தாய் தமிழ் பேச, அவள் பெற்ற மகள் மலையாளம் பேசத் தொடங்கிய நாள் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் இன்று இரண்டு மொழிகள் இருக்கின்றன. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சொன்னாலே, பார்த்தவர் யார் என்ற கேள்வியை எப்படி அணுகுவது என்று பிடிபட்டுவிடும்.

கடைசியாக, எல்லை மங்கல் என்றால் பெயர் வைப்பதே வீண்தானே என்றும் சிலர் கேட்கிறார்கள். வீண் இல்லை. நீலகிரி, பழனி, அசம்பு மூன்றிலும் இருப்பது ஒரே குருவி என்று எண்ணியிருந்த வரையில், தெற்கு மலையில் அது குறைந்தாலும் நீலகிரியில் இருக்கிறதே என்று விட்டுவிட முடிந்தது. இப்போது அசம்பு மலையின் குருவி செங்கோட்டைக்குத் தெற்கே உள்ள சில சோலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிற்றினம். அங்கே சோலை போனால் அதை மறுபடி கொண்டுவந்து விட வேறு மலை கிடையாது. கோட்டைச் சற்றுத் தள்ளிக் கிழிக்கலாமா என்று பறவையியலாளர்கள் இன்னும் வாதாடலாம், வாதாடட்டும். அந்தச் சோலைகளில் மரங்களைக் காப்பாற்றுவதற்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.